கொடுக்க மனமிருந்தும் பொருந்தாதபோது

(பங்கின் பொன்விழாவையொட்டிச் சேவூரில் கூடிய பங்கு மக்கள் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றதும் தோரணமும் தேர்ப்பவனியும் அன்பின் விருந்தும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவையே. ஆயினும் ஐம்பது ஆண்டுகளாக ஒரே பீடத்தைச் சுற்றிக் கூடிவரும் மக்கள், தங்களுள் ஒருவர் பெரும் நோய்க்கு ஆளாகும்போது அவருக்கு எவ்வாறு துணை நிற்கிறார்கள் என்பதையும் இவ்வேளையில் எண்ணிப் பார்ப்பது தகும். ஆகவே இன்று சிறுநீரக நோயைப் பற்றியும், அந்நோயால் வாடும் குடும்பங்களுக்குத் திறந்திருந்தும் பலர் அறியாத ஒரு வழியைப் பற்றியும் பேச விரும்புகிறோம். சிறுநீரகத்தைக் கொடுக்க வீட்டில் ஆள் இருந்தும் அது பொருந்தாமற் போனால், எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணவேண்டியதில்லை என்பதே நம் பேச்சின் சாரம்.

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தவர் படும் பாட்டை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருக்கவேண்டும். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு உண்டு. போகவர ஒருநாள் கழிந்துவிடும். தறிக்காரருக்கும், பனியன் கம்பெனியில் ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் வேலை செய்வோருக்கும் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. துணைக்குப் போகும் மனைவிக்கும் சம்பளம் போகிறது. நோய் ஒருவருக்கு, படுக்கையில் விழுவதோ ஒரு குடும்பம்.

டயாலிசிஸ் உயிரைத் தாங்கிப் பிடிக்கிறது. சிறுநீரக மாற்று சிகிச்சையோ, தகுதியுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் நீண்ட ஆயுளையும் வேலைக்குத் திரும்பும் வலுவையும் தருகிறது. இச்சிகிச்சை நமக்குப் புதிதன்று. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே, ஒரே உருவமுள்ள இரட்டைச் சகோதரரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1971இல் நமது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இச்சிகிச்சை வெற்றி பெற்றது. இன்று கோவையிலேயே இது நடைபெறுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இச்சிகிச்சை அடங்கும்.

மருத்துவம் இருக்கிறது, மருத்துவரும் இருக்கிறார். இல்லாதது சிறுநீரகம் ஒன்றே. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைக் கொடுப்பதில் தமிழகம் நாட்டுக்கு வழிகாட்டியது. 2008இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர் தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தந்தபோது நாடே கண்ணீர் விட்டது. 2023 செப்டம்பரில், உறுப்புக் கொடை அளிப்போரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று முதலமைச்சர் அறிவித்தார். இத்தனையிருந்தும் காத்திருப்போர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். ஆகவேதான் பெரும்பாலான வீடுகளில், உயிரோடு இருக்கும் உறவினர் ஒருவர் தம் இரு சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுக்க முன்வருகிறார். தாய் மகனுக்குத் தருகிறாள். மனைவி கணவனுக்குத் தருகிறாள். நல்ல உடல்நலமுள்ளவர் ஒரு சிறுநீரகத்தோடு வாழ முடியும் என்பதைப் பல்லாண்டு அனுபவம் காட்டியிருக்கிறது.

இங்கேதான் ஓர் இடி விழுகிறது. எல்லாப் பரிசோதனையும் முடித்து, மனத்தையும் திடப்படுத்திக்கொண்டு காத்திருக்கும் மனைவியிடம் டாக்டர் சொல்கிறார்: "உங்கள் சிறுநீரகம் உங்கள் கணவருக்குப் பொருந்தாது." கொடுக்க முன்வருவோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இப்படித் திருப்பப்படுவதாக மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள்.

ஏன் பொருந்துவதில்லை? காரணம் இரண்டு.

முதலாவது இரத்த வகை. 'ஓ' வகையினர் எவருக்கும் கொடுக்கலாம். 'ஏபி' வகையினர் எவரிடமிருந்தும் பெறலாம். 'ஏ' வகையினர் 'பி' வகையினருக்கோ, 'பி' வகையினர் 'ஏ' வகையினருக்கோ கொடுக்க இயலாது. பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது இரத்தம் ஏற்றுவதற்கு முக்கியம். சிறுநீரகத்துக்கு அது தடையன்று. இதையறியாமல், "நீ பாசிட்டிவ், நான் நெகட்டிவ்" என்று வீட்டிலேயே முடிவுகட்டி, மருத்துவமனைக்கே போகாதிருப்பவர்களும் உண்டு.

இரண்டாவது, நோயாளியின் இரத்தத்தில் ஏற்கெனவே உருவாகிவிட்ட எதிர்ப்புப் பொருள்கள். முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு இவை உண்டாகலாம். பிள்ளை பெற்ற தாய்க்கும் உண்டாகலாம். கருவிலிருக்கும் குழந்தையின் உடலில் பாதி தந்தையின் கூறு அல்லவா? அதைத் தாயின் உடல் அந்நியமென அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது. பின்னொருநாள் அவளுக்குச் சிறுநீரகம் பழுதாகி, கணவன் தன்னுடையதைத் தர முன்வந்தால், அவள் உடல் அதை ஏற்க மறுக்கக்கூடும். அவருக்குப் பிள்ளை பெற்றுத் தந்த காரணத்தாலேயே அவரிடமிருந்து பெறமுடியாமற் போவது எத்துணை வேதனை!

இனி வழிக்கு வருவோம். நம் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லலாம். ஒரு கம்பெனியில் 80 சைஸ் உடல்துணி பண்டல் இருக்கிறது. கட்டிங்கிலிருந்து வந்த கைத்துணியோ 90 சைஸ். பக்கத்துக் கம்பெனியில் உடல்துணி 90, கைத்துணி 80. தனித்தனியே பார்த்தால் இரண்டும் வீண். இருவரும் பேசிக் கைத்துணிப் பண்டலை மாற்றிக்கொண்டால் இரண்டு கம்பெனியிலும் பனியன் தைத்து முடியும். புதிதாக ஒரு முழத் துணியும் வாங்கவில்லை. இருந்ததை இடம் மாற்றினார்கள், அவ்வளவே.

சிறுநீரகத்திலும் அப்படியே. ஒரு வீட்டில் கணவர் 'ஏ' வகை நோயாளி. கொடுக்க முன்வரும் மனைவி 'பி' வகை. இன்னொரு வீட்டில் கணவர் 'பி' வகை நோயாளி. மனைவி 'ஏ' வகை. இந்த மனைவியின் சிறுநீரகம் அந்தக் கணவருக்கும், அந்த மனைவியின் சிறுநீரகம் இந்தக் கணவருக்கும் போனால் இரு குடும்பமும் பிழைக்கும். இதைப் பரிமாற்றுக் கொடை என்று சொல்லலாம். மருத்துவர்கள் 'ஸ்வாப்' என்பார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் அறிந்த நம் மக்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று.

இவ்வெண்ணத்தை 1986இல் எடுத்துரைத்தவர் அமெரிக்க மருத்துவர் பெலிக்ஸ் ராப்பப்போர்ட். 1991இல் தென்கொரியாவில் அது செயலுக்கு வந்தது. 2004இல் நெதர்லாந்து, நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் என்ற முறையில் இதை நடத்தத் தொடங்கியது. யார் யாருக்குக் கொடுத்தால் அதிகம் பேர் பிழைப்பார்கள் என்று கணக்கிடும் முறையை வகுப்பதில் முன்னின்றவர்களுள் ஒருவரான பொருளியல் அறிஞர் ஆல்வின் ராத், 2012இல் நோபல் பரிசு பெற்றார்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் நாட்டுச் சங்கதி என்று யாரும் எண்ணவேண்டாம். நம் நாட்டில் அகமதாபாத்தில், அரசு சிவில் மருத்துவமனை வளாகத்தில் ஒரு சிறுநீரக நோய் ஆய்வு நிலையம் இருக்கிறது. டாக்டர் எச். எல். திரிவேதி கட்டியெழுப்பிய நிலையம் அது. ஏழை எளியவர் பெருவாரியாக வரும் இடம். 2000 ஜனவரி முதல் 2016 ஜூலை வரை அந்த ஒரே நிலையத்தில் 300 நோயாளிகள் பரிமாற்று முறையில் சிறுநீரகம் பெற்றனர். அவர்களில் 222 பேருக்கு இரத்த வகை தடையாயிருந்தது. 59 பேருக்கு எதிர்ப்புப் பொருள்கள் தடையாயிருந்தன. எஞ்சிய 19 பேருக்குத் தடை எதுவுமில்லை. இன்னும் நல்ல பொருத்தம் வேண்டி அவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த 300இல் 248 பேர் இருவர் இருவராக மாற்றிக்கொண்டவர்கள். அதாவது 124 இணைகள். மும்மூன்று குடும்பமாகச் சேர்ந்தவை 14. நான்கு குடும்பங்கள் சேர்ந்தது ஒன்று. ஆறு குடும்பங்கள் சேர்ந்தது ஒன்று. முதல் வீட்டார் இரண்டாம் வீட்டுக்கும், இரண்டாம் வீட்டார் மூன்றாம் வீட்டுக்கும் கொடுக்க, கடைசி வீட்டார் முதல் வீட்டுக்குக் கொடுப்பார்கள். 2013இல் உலகச் சிறுநீரக நாளையொட்டி அங்கே பத்துப் பேருக்கு இம்முறையில் மாற்று சிகிச்சை நடந்தது. சராசரி மூன்றாண்டுக் கவனிப்புக்குப்பின் கணக்கெடுத்தபோது, அந்த 300 பேரில் 250 பேர் உயிருடன் இருந்தனர். எல்லாரும் பிழைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இம்முறை இல்லாதிருந்தால் அவர்களில் பெரும்பாலோருக்கு, வீட்டிலே கொடுக்க ஆள் இருந்தும் நேரடியாகப் பெறும் வழி இருந்திருக்காது.

இதில் அடங்கியுள்ள பெரிய உண்மையைக் கவனியுங்கள். ஒரு மருத்துவமனையின் பட்டியலில் பத்துக் குடும்பங்கள் இருந்தால், இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்க்கக்கூடிய வகைகள் 45. நூறு குடும்பங்கள் இருந்தால் அவ்வகைகள் 4,950. குடும்பங்கள் பெருகியது பத்து மடங்கு. பொருத்தம் தேடும் வாய்ப்பு பெருகியதோ நூறு மடங்குக்கும் மேல். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பட்டியலைத் தன் மேசைக்குள்ளேயே பூட்டி வைத்தால், கோவையில் இருக்கும் 'ஏ' வீட்டாரும் சேலத்தில் இருக்கும் 'பி' வீட்டாரும் ஒருவரையொருவர் அறியாமலே காலம் கழித்துவிடுவார்கள். ஆகவேதான் 2025இல் தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று அமைப்பு, நாடெங்கும் ஒரே சீரான பரிமாற்றுத் திட்டத்தை மேற்கொள்ளுமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. பட்டியல் பெருத்தால்தான் உயிர் பிழைக்கும். பட்டியல் பெருக வேண்டுமானால் குடும்பங்கள் தயங்காமல் பெயர் கொடுக்கவேண்டும்.

இம்முறையால் எளிதில் பயன்பெறாதவர்களும் உண்டு. அவர்கள் 'ஓ' வகை நோயாளிகள். அவர்கள் 'ஓ' வகையினரிடமிருந்து மட்டுமே பெறமுடியும். வீட்டில் கொடுக்க முன்வருபவர் 'ஓ' வகையாயிருந்தால் அவர் யாருக்கும் நேரடியாகவே கொடுத்துவிடலாம். அவர் பட்டியலுக்கு வரவேண்டிய தேவை அரிது. ஆகவே 'ஓ' நோயாளி நெடுநாள் காத்துக்கிடக்கிறார். இங்கே பெருமனம் வேண்டும். நேரடியாகப் பொருந்தும் குடும்பமும் பட்டியலில் சேர முன்வந்தால், அவர்களுக்கு வயதிலோ பொருத்தத்திலோ இன்னும் நல்ல சிறுநீரகம் கிடைக்கக்கூடும். கூடவே இன்னொரு வீட்டிலும் விளக்கெரியும். மேலே சொன்ன 19 பேர் அத்தகைய வழியில் சேர்ந்தவர்களே.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1994இல் இயற்றப்பட்ட மனித உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியது. 2011இல் செய்யப்பட்டு 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், பரிமாற்றுக் கொடைக்குத் தெளிவான இடம் தந்தது. இரு வீட்டுக் கொடையாளியும் தத்தம் நோயாளிக்கு நெருங்கிய உறவினராயிருக்கவேண்டும். தம் நோயாளிக்குத் தம் சிறுநீரகம் பொருந்தாதிருக்கவேண்டும். இரு வீட்டாரும் ஒரே ஒப்பந்தமாக எழுதி, அங்கீகாரக் குழுவின் அனுமதி பெறவேண்டும். பணம் கைமாறவே கூடாது.

நெருங்கிய உறவினர் என்றால் யார்? கணவன், மனைவி, தாய், தந்தை, மகன், மகள், உடன்பிறந்தோர், தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி ஆகியோர். நம் பக்கத்தில் மாமனும் மச்சானும் கொழுந்தனும் நெருங்கிய உறவே; நல்லதுக்கும் கெட்டதுக்கும் முன்னே நிற்பவர்கள் அவர்களே. ஆனால் சட்டத்தின் பட்டியலில் அவர்கள் இல்லை. அன்பின் காரணமாக அவர்கள் கொடுக்க விரும்பினால் அதற்கு வேறு பிரிவின்கீழ் அங்கீகாரக் குழு தனியே விசாரித்து அனுமதி தரவேண்டும். இதை முன்கூட்டி அறிந்திருந்தால் வீண் அலைச்சல் குறையும்.

ஒரே ஒப்பந்தம் என்று சட்டம் சொல்வதில் பொருள் இருக்கிறது. ஒரு வீட்டார் பெற்றுக்கொண்டபின் மனம் மாறிக் கொடுக்க மறுத்தால் மற்ற வீட்டார் கதி என்ன? ஆகவே பொதுவாக இரு கொடையாளிகளுக்கும் இரு நோயாளிகளுக்கும் ஒரே நாளில், ஒரே வேளையில் ஆபரேஷன் நடத்தப்படுகிறது. நான்கு ஆபரேஷனுக்கு வேண்டிய அறைகளும் மருத்துவர்களும் ஒருசேரத் தயாராயிருக்கவேண்டும்.

இப்போது சிலர் மனத்தில் எழும் கேள்விகளுக்கு வருவோம்.

"யாரென்றே தெரியாத ஒருவருக்கு எங்கள் வீட்டு உறுப்பா?" என்று கேட்கலாம். உண்மைதான். சிறுநீரகம் அந்நியருக்குப் போகிறது; ஆனால் பலன் உங்கள் வீட்டுக்கே வருகிறது. நெதர்லாந்து போன்ற நாடுகளில் யார் கொடுத்தார், யார் பெற்றார் என்று தெரிவிப்பதில்லை. நம் நாட்டிலோ பெரும்பாலும் இரு குடும்பங்களும் முன்பே சந்தித்துப் பேசிக்கொள்கின்றன. 2016இல் ஜெய்ப்பூரில் ஓர் இந்துக் குடும்பமும் ஓர் இஸ்லாமியக் குடும்பமும் இவ்வாறு சேர்ந்தன. இரு மனைவியரும் மற்றவருடைய கணவருக்குச் சிறுநீரகம் தந்தனர். உறுப்புக்குச் சாதியும் தெரியாது, மதமும் தெரியாது. அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்ற நல்ல சமாரியனின் உவமையை ஆண்டுதோறும் கேட்கும் நமக்கு இது புதுப் பாடமன்று.

"எங்கள் பக்கம் கொடுத்தது நன்றாக வேலை செய்து, எங்களுக்கு வந்தது கெட்டுவிட்டால்?" என்று கேட்கலாம். இது நியாயமான கேள்வி. அப்படி நடக்கவும் கூடும். கொடையாளியின் வயதும் உடல்நிலையும் கூடியமட்டும் ஒத்திருக்குமாறு மருத்துவர்கள் பார்க்கிறார்கள். ஆயினும் முடிவை யாரும் உறுதிகூற இயலாது. சொந்த மனைவியின் சிறுநீரகமே பொருந்தினாலும் அதற்கும் உறுதி கிடையாது. ஆகவே கையெழுத்திடுமுன் இரு குடும்பமும் இதை மனம்விட்டுப் பேசி ஏற்றுக்கொள்ளவேண்டும். பின்னால் பகையாகிவிடக்கூடாது.

"இரத்த வகை சேராவிட்டாலும் மருந்து கொடுத்துப் பொருத்துகிறார்களாமே?" என்றும் கேட்கலாம். ஆம், அப்படியும் ஒரு முறை இருக்கிறது. எதிர்ப்புப் பொருளை நீக்கி, கூடுதல் மருந்து கொடுத்துச் செய்கிறார்கள். அதற்குச் செலவு அதிகம். தக்க இணை கிடைக்குமானால், பரிமாற்று முறையில் அந்தக் கூடுதல் செலவு இல்லை. இரண்டையும் மருத்துவரிடம் கேட்டு அறிந்து முடிவு செய்யுங்கள்.

அன்பர்களே, இவ்வளவும் நாம் விரித்துரைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. "பொருந்தாது" என்று டாக்டர் சொன்ன மறுநாளே வேறொருவன் வாசலில் வந்து நிற்கிறான். அவன் தரகன். "கவலை வேண்டாம், ஆள் இருக்கிறது" என்கிறான். அந்த ஆள் யார்? நம்மைப் போலத் தறியிலும் பட்டறையிலும் உழைத்து, கந்துவட்டியில் சிக்கி, கடனை அடைக்க வழியின்றித் தவிக்கும் ஓர் ஏழை. முன்பு சென்னை வில்லிவாக்கத்துக்கு இதனாலேயே ஒரு கேலிப்பெயர் உண்டாயிற்று. 2025இல் நமக்கு வெகுதூரமில்லாத பள்ளிப்பாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் வாங்கப்பட்ட செய்தி வெளிவந்து, அரசு விசாரணை நடத்தியது, உயர்நீதிமன்றமும் தலையிட்டது. விற்றவனுக்குக் கடனும் தீர்வதில்லை. பழைய வலுவோடு வேலை செய்யவும் முடிவதில்லை. பொய்யான உறவுச் சான்று காட்டிக் கையெழுத்திடுபவன் குற்றவாளியும் ஆகிறான். உறுப்பு வணிகத்துக்குச் சட்டம் விதிக்கும் தண்டனை ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறை. 20 இலட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்.

பரிமாற்றத்துக்கும் விற்பனைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் தெளிவாக மனத்தில் பதிக்கவேண்டும். விற்பனையில் ஏழை கொடுக்கிறான், பணம் படைத்தவன் பெறுகிறான், தரகன் கொழுக்கிறான். பரிமாற்றத்தில் ஒவ்வொரு வீடும் கொடுக்கிறது. ஒவ்வொரு வீடும் பெறுகிறது. விற்பனையில் உடல் விலைப்பொருள். பரிமாற்றத்தில் ஒரு மனைவி தன் கணவனுக்கு என எடுத்துவைத்த அன்பு, ஒரு வீடு சுற்றி அவனிடமே வந்து சேர்கிறது. நேர்வழி ஒன்று இருப்பது தெரியாததால்தான் பல நல்ல குடும்பங்களும் தரகன் வலையில் விழுகின்றன. ஆதலின் இவ்வழியை அறிவிப்பதே தரகனுக்கு எதிரான முதல் வேலை.

திருச்சபை இதில் மௌனமாயிருந்ததில்லை. 1956இலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், இறந்தோரின் கண்களைக் கொடுப்பது பற்றி மருத்துவர்களிடம் பேசினார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், 1995இல் வாழ்வின் நற்செய்தி பற்றி எழுதிய சுற்றுமடலில், முறைப்படி செய்யப்படும் உறுப்புக் கொடையை அன்றாட வாழ்வின் வீரச் செயல்களோடு சேர்த்துக் கூறினார். 2000 ஆகஸ்டில் உரோமையில் கூடிய மாற்று சிகிச்சை மருத்துவர் மாநாட்டிலும் அவர் நேரில் சென்று பேசினார். உறுப்பை வணிகப் பொருளாக்கலாகாது. கொடுப்பவர் எல்லாவற்றையும் அறிந்து, எவருடைய வற்புறுத்தலுமின்றிச் சம்மதிக்கவேண்டும் என்பதே அவர் போதனையின் சாரம்.

இந்த இரண்டாவது நிபந்தனையை நம் குடும்பத் தலைவர்கள் உற்றுக் கேட்கவேண்டும். நம் நாட்டில் உயிரோடிருந்து உறுப்புக் கொடுப்போரில் பெண்களே அதிகம்; பெறுவோரில் ஆண்களே அதிகம். ஏன்? தாயின் பாசமும் மனைவியின் அன்பும் ஒரு காரணம். "நீ கொடுக்காமல் யார் கொடுப்பது?" என்ற பேச்சும் ஒரு காரணமன்றோ? முன்பெல்லாம் மனத்துக்குள் அஞ்சிய ஒரு பெண்ணுக்கு, "இரத்த வகை சேரவில்லை" என்ற சொல் ஒரு கதவாயிருந்தது. பரிமாற்று முறை அந்தக் கதவையும் மூடிவிடக்கூடும். ஆகவே மருத்துவர்கள் கொடையாளியைத் தனியே அழைத்துப் பேசும்போது, அவர் மனத்தில் உள்ளதை அச்சமின்றிச் சொல்ல விடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதன்பின் அவரை யாரும் குத்திக்காட்டலாகாது. வற்புறுத்திப் பெற்றது கொடையாகாது. அது பறித்தலுக்கு ஒப்பாகும்.

மனமுவந்து கொடுத்தவர்களுக்கு நம் அண்டை மாநிலமான கேரளத்திலேயே நல்ல சான்றுகள் உண்டு. 2009இல் திருச்சூர் மறைமாவட்டக் குருவான அருட்தந்தை டேவிஸ் சிறமேல், உறவினரல்லாத ஓர் இந்துச் சகோதரருக்குத் தம் சிறுநீரகத்தைத் தந்தார். 2011இல் தொழிலதிபர் கொச்சவுசேப் சிற்றிலப்பிள்ளி ஒரு லாரி ஓட்டுநருக்குத் தம் சிறுநீரகத்தைக் கொடுத்தார். அது ஒரு கொடைச் சங்கிலிக்குத் தொடக்கமாயிற்று. 2016இல் பாலா மறைமாவட்டத் துணை ஆயராயிருந்த ஜேக்கப் முரிக்கன், ஓர் இந்து இளைஞருக்குத் தம் சிறுநீரகத்தைக் கொடுத்தார். இவர்களைப் போல எல்லாரும் செய்யவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஆனால் பரிமாற்றுக் கொடையில் கேட்கப்படுவது இதைவிடச் சிறியது. எப்படியும் தம் கணவனுக்கோ மகனுக்கோ கொடுக்கத் துணிந்தவர், அதே கொடையை இன்னொரு வாசல் வழியாகக் கொடுக்கச் சம்மதிப்பதே அது.

இனி நம் பங்கு செய்யக்கூடியவற்றைச் சொல்லி முடிப்போம்.

முதலாவது, யாருக்கேனும் சிறுநீரகம் பொருந்தவில்லை என்று தெரிந்தால், மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். "எங்களைப் பரிமாற்றுப் பட்டியலில் சேர்ப்பீர்களா? இங்கே அப்பட்டியல் இல்லையெனில் எங்கே இருக்கிறது?" இந்த இரண்டு கேள்விகளே பல வீட்டுக்கு வழி காட்டும்.

இரண்டாவது, ஆவணங்கள். உறவை மெய்ப்பிக்கத் திருமணச் சான்று, பிறப்புச் சான்று, குடும்ப அட்டை எல்லாம் கேட்பார்கள். பெயரும் தேதியும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் மாதக்கணக்கில் தாமதமாகும். பங்கின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளிலிருந்து வேண்டிய சான்றுகளை உடனே எழுதித்தர நாம் ஆயத்தமாயிருக்கிறோம். திருமணத்தை அரசுப் பதிவிலும் ஏற்றாதவர்கள் இப்போதே ஏற்றிவையுங்கள்.

மூன்றாவது, கொடுப்பவரைத் தாங்குவது. கொடையாளி சில நாள்களில் வீடு திரும்பினாலும், நான்கு முதல் ஆறு வாரங்கள் பளு தூக்காமல் ஓய்ந்திருக்கவேண்டும். பின்னரும் ஆண்டுதோறும் இரத்த அழுத்தமும் சிறுநீரும் பரிசோதித்துக்கொள்ளவேண்டும். பரிமாற்றத்தில் ஒரே வீட்டில் இருவர் ஒரே நாளில் படுத்துவிடுகிறார்கள். இரு சம்பளமும் நின்றுவிடுகிறது. அவ்வாரங்களில் அடுப்பெரிவதும், பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் நம் அன்பியங்களின் பொறுப்பாகட்டும். கம்பெனி வைத்து நடத்தும் நம் பங்கு மக்கள், அத்தகைய தொழிலாளிக்கு வேலையைக் காத்துவைக்கட்டும். நாம் கொடுக்க இயலாத உறுப்புக்கு ஈடாக, கொடுக்க இயன்ற உழைப்பையாவது கொடுப்போம்.

நான்காவது, நோயே வராமற் காப்பது. நம் நாட்டில் சிறுநீரகம் பழுதாவதற்குப் பெருங்காரணங்கள் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும். நாற்பதைக் கடந்தோர் ஆண்டுக்கொரு முறையேனும் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். உடல்வலிக்கென்று கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி நாள்தோறும் விழுங்கும் பழக்கத்தை விட்டொழியுங்கள். அனல் வீசும் அயர்னிங் மேசையருகில் நிற்போர் தண்ணீர் குடிக்க மறவாதீர்கள்.

ஐந்தாவது, தரகன் எவனேனும் நம் தெருக்களில் ஆள் தேடி வந்தால் மறைக்காதீர்கள். கடன்பட்டவர் எவரேனும் அவன் பேச்சுக்கு இசையும் நிலையில் இருந்தால், அவரை முதலில் நம்மிடம் அழைத்து வாருங்கள். அவர் கடனுக்கு வேறு வழி தேடுவோம். அவர் உடலைக் கூறுபோட விடமாட்டோம்.

அன்பார்ந்தவர்களே, இந்தப் பங்கை எழுப்பிய நம் முன்னோர் பணம் படைத்தவர்கள் அல்லர். ஒருவர் நிலத்தில் இன்னொருவர் வேலை செய்து, ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் மொய் வைத்து, கொடுத்தும் வாங்கியுமே வாழ்ந்தவர்கள். கொடுத்தது அப்படியே அதே கையிலிருந்து திரும்பி வரவேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்ததில்லை. ஊரைச் சுற்றி வந்தால் போதும் என்றிருந்தார்கள். பரிமாற்றுக் கொடையும் அதே அறத்தின் மேல்தான் நிற்கிறது. பொன்விழாக் கொண்டாடும் நம் பங்கில், "பொருந்தவில்லை" என்ற ஒரு சொல்லால் எந்த வீடும் நம்பிக்கை இழக்காதிருக்கட்டும். நோயுற்றோருக்கு இறைவன் நலமும், கொடுப்போருக்கு மனவலிமையும், மருத்துவர்களுக்கு ஞானமும் அருள்வாராக.